நூலில் இருந்தால் போதுமா?

பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' என்னும் ஆயுர்வேத நூலில் 'ஃபிரங்க ரோகம்' என்றொரு நோய் வருகிறது. சரகரும் சுசுருதரும் அறியாத நோய் அது. ஐரோப்பியர் வருகையோடு பரவியது. தமிழில் பறங்கிப்புண் என்றார்கள். பாவமிச்ரர் அதைப் பழைய நோய் எதன் கீழும் திணிக்காமல் தனி நோயாகவே விவரித்தார். சீனத்திலிருந்து வந்த பறங்கிப்பட்டையை அதற்கு மருந்தாகச் சேர்த்தார். முன்னோர் நூலில் இல்லையே என்று தயங்கவில்லை.

நாடி பார்ப்பதும் அப்படிப் பின்னால் வந்ததுதான். ஆயுர்வேதம் என்றதும் மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கும் வைத்தியர்தான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் சரக சம்ஹிதையிலோ சுசுருத சம்ஹிதையிலோ நாடிப் பரிசோதனை முறை கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட சார்ங்கதர சம்ஹிதையில்தான் அது தெளிவாக வருகிறது. ஆக, இந்த மரபு தன் காலத்தில் புதியதைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது.

இதை ஆயுர்வேதத்தைப் போற்றுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள், தூற்றுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள். ஒரு தரப்புக்கு அது ஐயாயிரம் ஆண்டு மாறாத ஞானம். இன்னொரு தரப்புக்கு வெறும் மூடநம்பிக்கை. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஆயுர்வேதத்தின் பலம் மெய்யானது. ஆனால் அதைக் காப்பதாகச் சொல்லும் சட்டமும் பாடத்திட்டமும் சந்தையும்தான் இன்று அதைக் கற்றுக்கொள்ள விடாமல் முடக்கியிருக்கின்றன.

அதன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாதம், பித்தம், கபம் என மூன்று தோஷங்கள். ரசம், ரத்தம் தொடங்கிச் சுக்கிலம் வரை ஏழு தாதுக்கள். உண்டதைச் செரிக்கும் அக்கினி. செரியாமல் தேங்கும் ஆமம். இவை சமநிலையில் இருந்தால் ஆரோக்கியம், பிறழ்ந்தால் நோய். ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே ஒரு பிரகிருதி உண்டு என்பதால், ஒரே மூட்டுவலிக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமான கஷாயம் வரலாம். மருந்துக்கு முன்பே உணவும் உறக்கமும் பருவத்துக்கேற்ற நடைமுறையும் பேசப்படும். தேவைப்பட்டால் பேதி, வஸ்தி, நஸ்யம் போன்ற பஞ்சகர்ம சிகிச்சைகள். தோஷக் கணக்கு சித்த மருத்துவத்துக்கும் பொதுதான் என்றாலும், நூல்மரபும் மருந்துமரபும் வேறு. இக்கட்டுரை ஆயுர்வேதத்தைப் பற்றியது.

சரகர் சிகிச்சையைப் பிரிக்கும் முறையில் ஒன்று கவனிக்கத்தக்கது. மந்திரம், பூசை, பரிகாரம் இவற்றைச் சார்ந்தது ஒரு வகை. யுக்தியால் காரண காரியம் ஆராய்ந்து உணவும் மருந்தும் தருவது இன்னொரு வகை. நூலின் பெரும்பகுதி இரண்டாம் வகையைப் பற்றித்தான் பேசுகிறது. பண்டை இந்திய அறிவியலைப் பற்றி 1977-இல் எழுதிய தேவிபிரசாத் சட்டோபாத்யாயா, சரகரின் இந்த யுக்தி வழியைத்தான் தன் வாதத்தின் மையமாக வைத்தார். மூலிகைகளை ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் காட்டில் வாழ்பவர்களிடமும் கேட்டறியச் சொல்கிறது சரக சம்ஹிதை. தீராத நோயைத் தீராதது என்று இனங்கண்டு ஒதுங்கி நிற்கவும் வைத்தியனுக்குச் சொல்கிறது. எதையும் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதேயில்லை போலும்.

நடைமுறையில் இதன் முதல் பலம் நேரம். நல்ல ஆயுர்வேத வைத்தியர் முதல் சந்திப்பிலேயே பசி, மலம், உறக்கம், செய்யும் வேலை, மனக்கவலை எல்லாவற்றையும் கேட்பார். முதுகுவலி, மூட்டுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும் தோல்நோய் என்று அலைகிறவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை. கூட்டம் நிரம்பிய மருத்துவமனையில் இரண்டு நிமிடத்தில் சீட்டோடு வெளியே வந்தவர், இங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறார். பத்தியம் என்ற பெயரில் அவர் சாப்பாடு ஒழுங்காகிறது. தைலமும் கிழியும் என்று சில வாரம் உடம்புக்கு ஓய்வும் தொடுதலும் கிடைக்கின்றன. இவற்றால் வரும் நலம் உண்மையான நலம். அதற்காக, கொடுத்த குளிகையும் வேலை செய்தது என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. குளிகையின் கணக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்படித் தனியாகப் பார்த்தபோது ஆயுர்வேதம் வென்ற இடங்கள் உண்டு. என் பார்வையில் முதன்மையானது க்ஷாரசூத்திரம். கள்ளிப்பாலும் நாயுருவியிலிருந்து எடுத்த காரமும் மஞ்சளும் திரும்பத் திரும்பப் பூசி உலர்த்திய நூல் அது. பௌத்திரத்தின் புழைக்குள் அதைச் செலுத்திக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றிவருவார்கள். நூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வர, பின்னால் புண் ஆறிக்கொண்டே வரும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தேஷ்பாண்டே குழுவினர் இதை மீட்டெடுத்து முறைப்படுத்தினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு, 1991-இல் முடிவை வெளியிட்டது. ஆற எடுத்துக்கொண்ட காலம் நூலுக்கு எட்டு வாரம், அறுவைக்கு நான்கு. ஓராண்டுக்குப் பின் நோய் திரும்பியது நூல் கட்டியவர்களில் 4 சதவீதத்தினருக்கு. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு. நோயாளி இரண்டையும் எடைபோட்டுத் தானே தேர்ந்தெடுக்கத் தேவையான தகவல் முழுதும் அந்த நான்கு எண்களில் இருக்கிறது.

இன்னொன்று கோயம்புத்தூரில் நடந்தது. 'ஆளுக்கு ஆள் மருந்து மாறும். ஆகவே ஆயுர்வேதத்தை நவீன முறையில் சோதிக்க முடியாது' என்று வைத்தியர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியோடு அங்கே முடக்குவாத நோயாளிகள் 43 பேரிடம் நடந்த ஆய்வு அந்தச் சாக்கை உடைத்தது. ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், இன்னொன்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் நவீன மருந்து, மூன்றாவதற்கு இரண்டும். வைத்தியர்கள் ஒவ்வொருவருக்கும் தங்கள் கணக்குப்படியே மருந்து எழுதினார்கள். கைக்கு வந்தது மெய்யான மருந்தா, அதே தோற்றத்தில் செய்த போலியா என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. 36 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம் காட்டின. 2011-இல் வெளியான இந்த முடிவைக் கொண்டு ஆயுர்வேதம் முடக்குவாதத்தைக் குணமாக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆள் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் சோதிக்க முடியும் என்பது உறுதியாயிற்று. இதைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்திருக்க வேண்டியது நம் கடமை.

சோதித்தால் தோற்கவும் நேரும். குக்குலு என்னும் மரப்பிசின் கொழுப்பைக் குறைக்கும் என்று 1966-இல் காசியில் சத்தியவதி என்ற ஆய்வாளர் சுசுருதரின் குறிப்பிலிருந்து தொடங்கிக் கண்டார். அதைப் பின்பற்றி உருவான மருந்து இந்தியாவில் அனுமதி பெற்று விற்பனைக்கும் வந்தது. 2003-இல் அமெரிக்காவில் முறையான ஆய்வு நடந்தபோது கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்று ஏறியது. இதைக் கண்டு வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவம் என்றால் இப்படித்தான் முன்னேறும். அந்த முடிவுக்குப் பிறகும் எதுவும் நடக்காததுபோல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கோட்பாட்டின் குறைக்கு வருகிறேன். தோஷக் கணக்கில் எந்த விளைவுக்கும் பின்னாலிருந்து விளக்கம் சொல்லிவிடலாம். குணமானால் வாதம் அடங்கியது; ஆகாவிட்டால் பத்தியம் தவறியது அல்லது பிரகிருதி வேறு. எப்போது தவறு என்று ஒப்புக்கொள்வோம் எனச் சொல்லாத கோட்பாடு, வைத்தியருக்கு ஆறுதல் தரலாம், நோயாளிக்குப் பாதுகாப்பு தராது. ஒரே ஆளைப் பல வைத்தியர்கள் நாடி பார்த்துச் சொன்ன ஆய்வுகளில் அவர்களுக்குள் ஒத்துப்போனது குறைவாகவே இருந்திருக்கிறது. முழு மனிதனைப் பார்க்கிறோம் என்பது பெரிய இலட்சியம். ஆனால் இருவர் பார்த்து இரண்டு முழு மனிதர்களைக் கண்டால், சிகிச்சை எதன்மேல் நிற்கும்?

கல்லூரிகளில் நிலைமை இன்னும் வருத்தம் தருவது. ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் மாணவர் ஒரே நாளில் நவீன உடலியலும் படிக்கிறார், சுலோகத்தில் வரும் உடலியலும் படிக்கிறார். இரண்டும் சரி என்று தேர்வில் எழுதுகிறார். காசியில் ஆயுர்வேத உடலியல் கற்பிக்கும் பேராசிரியர் கிஷோர் பட்வர்தன், பழைய ஊகங்களை நவீன அறிவியலாகத் திரித்துக் கற்பித்து வந்ததைப் பற்றி 2022-இல் வெளிப்படையாக எழுதினார். உள்ளிருந்தே எழுந்த குரல் அது. அதற்கு நூறாண்டு முன்பே கோட்டக்கல்லில் பி. எஸ். வாரியர் வேறு வழி காட்டியிருந்தார். 1902-இல் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கிய அவர் ஆங்கில மருத்துவமும் பயின்றவர். பழைய நூல்களின் உடற்கூறு போதாது என்று கண்டு, நவீன உடற்கூறைச் சம்ஸ்கிருதத்திலேயே 'அஷ்டாங்க சாரீரம்' என்று 1925-இல் எழுதித் தந்தார். பாவமிச்ரரின் வழி அதுவரை உயிரோடு இருந்தது.

பிறகு சட்டம் வந்தது. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் 1964-இல் ஆயுர்வேதத்துக்கென ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய நூல்கள் அட்டவணையில் இடம்பெற்றன. அவற்றில் சொன்னபடி தயாரித்து, அவற்றில் சொன்ன நோய்க்கே விற்கும் மருந்துக்கு நூலே சான்று. மனிதரிடம் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை. மரபுக்குச் செய்த மரியாதை என்று இதைக் கருதுகிறார்கள். நான் இதை அவமதிப்பாகவே பார்க்கிறேன். உன்னைச் சோதித்தால் தாங்கமாட்டாய் என்று சொல்வது மரியாதையா? இதய அறுவை நிபுணராக இருந்து, பிற்காலத்தில் சரகரைப் பாடம் கேட்டுப் பெருநூல் எழுதிய எம். எஸ். வலியத்தான், ஆயுர்வேதத்தின் கேள்விகளை நவீன ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக உழைத்தார். அவருடைய மரியாதைதான் எனக்கு மரியாதையாகப் படுகிறது.

சோதனையில்லாமையின் விலையை உடம்புதான் கொடுக்கிறது. 2004-இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2008-இல் இணையத்தில் வாங்கிய 193 பொருள்களில் ஐந்தில் ஒன்றில். முறைப்படி புடம்போட்டால் உலோகம் நஞ்சு நீங்கிவிடும் என்பார்கள். ஆனால் நியூயார்க்கில் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட கர்ப்பிணிகள் ஆறு பேரின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை அந்நகரச் சுகாதாரத் துறை 2012-இல் பதிவு செய்தது. நம் அரசு கன உலோகச் சோதனையை 2006 முதல் கட்டாயமாக்கியபோது, முதலில் ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குத்தான் கட்டாயமாக்கியது. உள்ளூர் நோயாளி என்ன குறைந்துபோனார்?

விளம்பரமும் அப்படித்தான். வெளியிடும் முன் அனுமதி வேண்டும் என்று 2018-இல் கொண்டுவந்த 170-ஆம் விதியை, ஆயுஷ் அமைச்சகமே 2024 ஜூலையில் நீக்கியது. மறு மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் விளம்பரங்கள் குறித்த அந்த வழக்கே முடித்துவைக்கப்பட்டது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் அடியோடு போகும் என்ற வாக்குறுதியை நம்பி இன்சுலினை நிறுத்துகிறவருக்கு இந்த விதிகளின் வரலாறு தெரியாது.

கொரோனா காலத்தில் சீந்தில் எல்லா வீட்டிலும் கஷாயமானது. மும்பை மருத்துவர்கள் 2021-இல் சீந்தில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். மறு ஆண்டு 13 மருத்துவமனைகளின் கூட்டறிக்கையில் அந்த எண்ணிக்கை 43 ஆனது. அவர்கள் குடித்தது சீந்திலைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்பது அமைச்சகத்தின் வாதம். இருக்கலாம். அப்படியானால் கடையில் விற்கும் ஒவ்வொரு புட்டியிலும் எந்தக் கொடி இருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டியதும் அமைச்சகம்தான். அது நடக்கும்வரை, கஷாயம் குடிக்கிறவர் தான் பார்க்கும் எந்த மருத்துவரிடமும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்டதும் முகம் சுளிக்காமல் பெயரைக் குறித்துக்கொண்டு, ஈரல் பரிசோதனைக்கு எழுதித் தர மருத்துவரும் பழக வேண்டும்.