படம் ஆட்டமாகும்போது மிஞ்சுவது என்ன?

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் கண்டனூரில் பத்து வயதுப் பிள்ளை ஒருவனிடம் நருட்டோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதை முழுவதையும் தமிழிலேயே சொல்லி முடிப்பான். மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் வரைந்து வந்த படக்கதை இது. 2002இல் ஜப்பானில் தொலைக்காட்சித் தொடராயிற்று. 2022இல் சோனி யே அலைவரிசை அதைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒளிபரப்பியது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை.

இதே தொடர் கன்சோல் ஆட்டமாகவும் வந்திருக்கிறது. 'நருட்டோ: ரைஸ் ஆஃப் எ நிஞ்ஜா' என்னும் அந்த ஆட்டத்தை யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மான்ட்ரியல் கூடம் உருவாக்கியது. எக்ஸ்பாக்ஸ் 360 பொறிக்காக 2007இல் வெளியான இந்த ஆட்டம், தொடரின் முதல் 80 பகுதிகளின் கதையைத் தழுவியது. பார்க்கும் கதை ஆடும் கதையாக மாறும்போது என்ன நிகழ்கிறது? எது மிஞ்சுகிறது? எது கழிகிறது? இவற்றை ஆராய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தூரிகையும் கணக்கும்

முதலில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைக் காண்போம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஆனால் ஜப்பானியத் தொடர் ஓவியர் 24 படங்கள் வரைவதில்லை. ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைப்பார். நொடிக்கு 8 முதல் 12 ஓவியங்கள் போதும். உழைப்பை மிச்சப்படுத்தப் பிறந்த இந்த முறையே பிறகு ஓர் அழகாகவும் ஆயிற்று. உதைக்கும் கால் ஒரு கணம் உறைந்து நிற்கும். அடுத்த கணம் எதிரி பறந்து விழுவான்.

ஆட்டத்தில் இப்படி உறைந்து நிற்க முடியாது. அங்கே நொடிக்கு 30 அல்லது 60 சட்டங்களைப் பொறி அவ்வப்போது கணக்கிட்டு வரைகிறது. நொடிக்கு 30 என்றால் ஒவ்வொரு சட்டத்திற்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 33 மில்லிநொடி. ஆடுபவன் விசையை அழுத்தியதும் வீரன் அசைய வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கை அதை உணர்ந்துவிடும். தொடரில் வீரன் அந்தரத்தில் தாவியபடியே தன் இளமைக் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். ஆட்டத்தில் அவன் அப்படி நினைக்கத் தொடங்கினால் ஆடுபவன் பொறுமை இழப்பான்!

நிறத்திலும் ஒரு தந்திரம் தேவைப்பட்டது. கணிப்பொறி ஒரு முகத்தை வரையும்போது, ஒளி விழும் கோணத்தைக் கணக்கிட்டு வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக மங்கச் செய்யும். அப்படிச் செய்தால் முகம் களிமண் பொம்மை போலாகும்; தொடரின் முகமாக இராது. ஆகவே இடைப்பட்ட சாயல்களை நீக்கி வெளிச்சம், நிழல் என்று இரண்டு மூன்று படிகளாக மட்டும் வெட்டிவிடுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் செய்யும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறக் குழம்பை ஊற்றுவார்கள். ஒரு நிறம் மற்றொன்றில் கலப்பதில்லை. கல்லின் பூ வேலைப்பாடு தெளிவாக இருப்பதற்கு அந்தப் பிரிவே காரணம். இந்த ஆட்டத்தின் படங்கள் தொடரின் ஓவியங்களை ஒத்திருப்பதும் அதே காரணத்தால்தான்.

முகப்பு மட்டும் போதாது

அடுத்தது இடம். ஓவியர் கண்டனூர் வீடு ஒன்றை வரைவதாக வைத்துக்கொள்வோம். கதைக்கு வேண்டியது முகப்பு என்றால் முகப்பை வரைவார். அதோடு வேலை முடிந்தது. ஆட்டத்தில் பிள்ளை உள்ளே நுழைவான். திண்ணை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று அடுத்தடுத்து எல்லாம் இருக்க வேண்டும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரிய வேண்டும். அங்கிருந்து அடுத்த தெருவுக்குப் போக வழியும் வேண்டும்.

நருட்டோவின் ஊரான கொனோஹாவைத் தொடர் துண்டு துண்டாகவே காட்டியது. மான்ட்ரியல் கூடத்தார் அத்துண்டுகளை ஒட்டித் தெருவும் கூரையும் கடையுமாக, நடந்து திரியக்கூடிய ஓர் ஊரை எழுப்பினார்கள். இது வெறும் நகல் வேலையன்று. தொடர் விட்டுவைத்த இடைவெளிகளை நிரப்பிய புதுப்படைப்பு எனலாம்.

வெறுப்பை விதியாக்கிய நுட்பம்

ஆனால் ஆட்டத்தின் உண்மையான சிறப்பு இவற்றில் இல்லை. நருட்டோவின் கதை சண்டையில் தொடங்குவதன்று. ஊரை அழிக்க வந்த ஒன்பது வால் நரியின் ஆற்றல் அவன் உடலுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஊரார் அவனை ஒதுக்குகிறார்கள். அவர்கள் மதிப்பைப் பெற்று ஒருநாள் ஊர்த்தலைவனாக வேண்டும் என்பதே அவன் கனவு. நம் பிள்ளைகள் மனத்தைத் தொட்டதும் இதுவே.

இந்த உணர்ச்சியை ஆட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது? வசனமாகச் சொல்லிவிடலாம், அது எளிய வழி. இவர்கள் அதை விதியாக்கினார்கள். தொடக்கத்தில் ஊரார் நம்மைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். கடைக்காரருக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தும், தொலைந்ததைத் தேடித் தந்தும், சிறுவர்களோடு ஒளிந்து விளையாடியும் ஒவ்வொருவர் மனத்தையும் வெல்ல வேண்டும். ஊரின் முகம் மாறுவதை ஆடுபவன் நடந்து நடந்தே உணர்கிறான். பார்ப்பவனாக இருந்தபோது இரக்கப்பட்டான். ஆடுபவனாக ஆனதும் அந்தப் புறக்கணிப்பு அவனுக்கே நேர்கிறது. இது ஆட்டத்தால் மட்டும் முடிந்த காரியம்.

கை முத்திரைகளும் அவ்வாறே. தொடரில் வீரர்கள் விரல்களைப் பின்னி முத்திரை காட்டி வித்தை செய்கிறார்கள். ஆட்டத்தில் கைப்பிடியின் குச்சிகளைக் குறித்த திசைகளில் வரிசையாகத் தள்ள வேண்டும். முதலில் விரல் தடுமாறும். பழகப் பழக ஓடும். வித்தை கற்பதன் உழைப்பை விரல்களே அறிந்துகொள்கின்றன.

குறைகளும் உண்டு. கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொடரின் படத்துண்டுகளைக் கொண்டே சொல்கிறார்கள். அந்நேரத்தில் ஆடுபவன் மறுபடியும் பார்ப்பவனாகிவிடுகிறான். துண்டுகள் சுருக்கமானவை, தொடரைப் பாராதவனுக்குப் பல இடங்களில் கதை புரியாது. ஊர் வேலைகளும் ஒன்றைப் போலவே இன்னொன்றாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. இத்தனை வேலை முடித்தால் இத்தனை நன்மதிப்பு என்று கணக்காகிவிடும்போது அன்பு கூலியாகச் சுருங்குகிறது. விதியாக்கும் முறைக்கே உரிய ஆபத்து இது. 2008இல் சைபர்கனெக்ட்2 கூடம் பிளேஸ்டேஷன் 3க்கு உருவாக்கிய 'அல்டிமேட் நிஞ்ஜா ஸ்டார்ம்' சண்டைக் காட்சிகளின் அழகில் இதை விஞ்சியது. ஆயினும் ஒதுக்கப்பட்ட சிறுவனின் மனத்தை ஆடுபவன் கையில் கொடுத்த வகையில், முந்தைய ஆட்டமே உயர்ந்தது என்பது நம் கருத்து.

தமிழ்ப் பிள்ளை எங்கே நிற்கிறான்?

இங்கேதான் நமக்குரிய கேள்வி எழுகிறது. தொடரைத் தமிழில் கேட்ட பிள்ளை, ஆட்டத்தில் தமிழைக் காண்பதில்லை. ஊரார் பேசுவது அவனுக்கு விளங்காது. என்ன வேலை தருகிறார்கள் என்பதும் புரியாது. அவன் என்ன செய்வான்? பேச்சை எல்லாம் விசையழுத்தித் தள்ளிவிட்டுச் சண்டை வரும் இடத்திற்குப் போவான். ஏனெனில் சண்டைக்கு மொழி வேண்டியதில்லை.

"இந்த ஆட்டங்களில் அடிதடியைத் தவிர என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் மேலே கண்ட நல்ல பகுதி முழுவதும் மொழியின் துணையோடு நடப்பது என்பதைக் கவனிக்க வேண்டும். மொழியை எடுத்துவிட்டால் அடிதடி மட்டுமே மிஞ்சும். அதாவது, ஆங்கிலம் அறிந்த பிள்ளைக்குக் கிடைக்கும் ஆட்டம் ஒன்று; தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆட்டம் வேறொன்று. இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

இதைச் சீர்செய்ய முடியாதா? முடியும். இதே ஆட்டத்திற்கு ஜப்பானியக் குரல்களை வெளியீட்டுக்குப் பின் இலவசமாகத் தந்தார்கள். புனேயில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் ஆட்டமும் முதலில் ஆங்கிலத்தில்தான் பேசியது. நிழற்பாவைக் கூத்தின் சாயலில் கதை சொல்லும் ஆட்டம் அது. 2022இல் வந்த மேம்பட்ட பதிப்பில் அதற்கு இந்திக் குரல் சேர்ந்தது. மொழியைப் பின்னரும் சேர்க்கலாம் என்பதற்கு இவை சான்று.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச்சிக்கல் இருந்தது உண்மைதான். 'கொனோஹா' என்னும் ஊர்ப்பெயரையே பாருங்கள். கணிப்பொறி நினைவில் முதலில் 'க', பின்னர் ஒகரக் குறி என்று வைத்திருக்கும். திரையில் ஒற்றைக்கொம்பு முன்னும், கால் பின்னுமாக வர வேண்டும். ஆங்கில எழுத்தைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் ஆட்டப்பொறியில் இது சிதைந்துவிடும். ஆனால் இதைச் சரியாக அமைத்துத் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்கள் இன்று எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கிடைக்கின்றன. ஆகவே இப்போது குறுக்கே நிற்பது தொழில்நுட்பம் அன்று.

வெண்பா காட்டிய வழி

கனடாவின் டொரான்டோவில் விசை கேம்ஸ் கூடம் உருவாக்கிய 'வெண்பா' 2023இல் வெளிவந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை இது. தாயின் சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்து போயிருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்று ஆடுபவன் ஊகித்து இட்டலி அவிக்க வேண்டும். மறந்துபோகும் தாய்மொழியின் வருத்தம் இங்கே ஒரு விதியாகியிருக்கிறது. யாரையும் அடிக்காமலே மனத்தை உருக்கும் இந்த ஆட்டத்திற்கு, முதல் படைப்புக்கான பாஃப்டா விருது 2024இல் கிடைத்தது.

நருட்டோவையும் வெண்பாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கதையின் உருவத்தை நகலெடுப்பது பாதி வேலை. அதன் உள்ளத்தை, ஆடுபவன் கையால் செய்யும் செயலாக மாற்றுவதே மறுபாதி. அந்த மறுபாதி ஆடுபவனுக்குப் புரியும் மொழியில் இல்லாவிட்டால், அது இருந்தும் இல்லாததே.

தொடர்களைத் தமிழில் தந்து பார்வையாளரைச் சேர்த்துக்கொண்ட நிறுவனங்கள், ஆட்டங்களிலும் திரையடித் தமிழ் வரிகளையாவது தர வேண்டும். குரல் பதிவுக்குச் செலவு அதிகம். எழுத்துக்கு அவ்வளவு இல்லை. நிரல் எழுதப் பழகும் நம் இளைஞர்களும் முதற்பயிற்சியாகப் பெரிய போர்க்களங்களைத் தேட வேண்டியதில்லை. தமக்குத் தெரிந்த ஒரு கதையை எடுத்து, அதன் உள்ளம் எது என்று கண்டு, அதை ஒரே ஒரு விதியாக்கிப் பார்க்கட்டும்.