தோலும் கோடும்

ஓவியம் என்றதும் சுவரையும் துணியையும் எண்ணுகிறோம். மனிதத் தோலை எண்ணுவதில்லை. நம் பாட்டிமார் பலர் முன்கையில் பச்சை குத்தியிருந்தும், அதனைக் கலையென்று சொல்ல நாம் கூசியே வந்துள்ளோம். அக்கூச்சத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு, அமெரிக்கத் துறைமுக நகரங்களில் வளர்ந்த பச்சைக் கோலங்களை ஈண்டு நோக்குவோம். நங்கூரம், தகைவிலான் குருவி, பாய்மரக் கப்பல், கழுகு, ரோசா மலர், கத்தி பாய்ந்த இதயம், 'அம்மா' என்னும் சொல்லைத் தாங்கிய நாடா ஆகியவை அம்மரபின் தலையாய உருவங்கள். நூறாண்டு கடந்தும் இவை சலிக்காதது ஏன்?

கடலோடிகளின் வீரவாழ்வை நினைவூட்டுவதால் என்பர் சிலர். அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. கப்பலில் கால் வைத்தறியாத இளைஞரும் நங்கூரத்தை விரும்பிக் குத்திக்கொள்கின்றனர். அவ்வுருவங்கள் வரையப்பட்ட முறையிலேயே காரணத்தைத் தேட வேண்டும்.

1891ஆம் ஆண்டில் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பார் மின்சாரத்தால் இயங்கும் பச்சை குத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் மின்சாரப் பேனாவே அதற்கு முன்னோடி. ஊசி விரைந்தது, கரையிறங்கிய மாலுமிக்கோ பொழுது குறைவு. கடைச்சுவரில் தொங்கும் படத்தாளில் ஒன்றைச் சுட்டிக்காட்டுவான். செல்லுலாய்டுத் தகட்டில் முன்னரே கீறி வைத்த அவ்வுருவின் கீறல்களில் கரித்தூளை நிரப்பி, வாசலின் பூசிய தோலில் அழுத்தினால் வரைவு பதியும். அதன்மேல் தடித்த கருங்கோடு, உள்ளே கருநிழல், பிறகு சிவப்பு, பச்சை, மஞ்சள் எனச் சில வண்ணங்கள், எஞ்சிய இடம் வெறுந்தோல்.

இச்சிக்கனத்தை வறுமையெனக் கொள்வது பிழை. தோல் உயிருள்ளது, வெயிலில் வாடும், தளரும், சுருங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மையும் உள்ளே பரவும். மயிரிழை போன்ற கோடுகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட, தடித்த கோட்டால் வரைந்த குருவி முதியவன் மார்பிலும் குருவியாகவே இருக்கும். வரையும்போதே முதுமையைக் கணக்கில் கொண்ட ஓவியம் வேறு எங்கேனும் உண்டா என எண்ணிப் பார்க்கிறேன். வெண்பாவின் தளையைக் குறையென்று கருதாத நாம் இக்கட்டுப்பாட்டையும் அவ்வாறே மதிக்கலாம்.

நாடு இக்கலையை நடத்திய விதம் விந்தையானது. நார்ஃபோக் நகரில் தொழில் புரிந்த ஆகஸ்ட் கோல்மனின் படத்தாள்களை 1936இல் அண்டை நகரின் கடலோடிகள் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அதே நார்ஃபோக் 1950இல் இத்தொழிலையே தடை செய்தது. நியூயார்க்கும் கல்லீரல் அழற்சி நோயைக் காரணங்காட்டி 1961இல் விதித்த தடையை 1997இலேதான் நீக்கிற்று. இதற்கிடையே ஹொனலூலுவில் நார்மன் காலின்ஸ் (1911–1973) ஜப்பானியக் கலைஞருடன் கடிதத் தொடர்பு கொண்டு, வண்ணத்தையும் நிழலையும் செழுமையாக்கினார். ஆயினும் தடித்த கோட்டை அவர் கைவிடவில்லை.

குறையையும் கூறல் வேண்டும். இறகுமுடி தரித்த பழங்குடித் தலைவனும் புற்பாவாடை கட்டிய ஹவாய் நங்கையும் இம்மரபில் அடிக்கடி வருவர். அவர்கள் மனிதராக அன்றி அயலான் கண்ட பொம்மைகளாகவே நிற்கின்றனர். கோட்டின் உறுதி அப்பார்வையையும் அழியாமல் காத்துவிட்டது. இன்றைய கலைஞர் சிலர் அவ்வுருவங்களைக் குத்த மறுக்கின்றனர். குருவியை மறுப்பாரை நான் அறியேன்.