வருந்தி அழைத்தல்

சுவிசேஷ ஊழியத்துக்குப் பழக்கும் வகுப்புகளில் ஒரு பயிற்சி உண்டு. "இப்போது நேரமில்லை", "வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்", "எல்லாச் சாமியும் ஒன்றுதானே" என்று கேட்பவர்கள் சொல்லக்கூடியதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பட்டியலின் தலைப்பு, சாக்குப்போக்குகள். ஆதாரம், லூக்கா 14-ஆம் அதிகாரத்து விருந்துக் கதை. ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், ஒருவன் ஐந்து ஏர்மாடு வாங்கியிருக்கிறான், ஒருவனுக்குப் புதுக் கல்யாணம். விருந்தளித்தவனின் ஊழியக்காரன் போய் அழைத்தும் மூவருமே வரவில்லை.

முதல் மறுப்போடு திரும்பிவிடும் அழைப்பு பெரும்பாலும் ஒப்புக்கு விடுத்த அழைப்புதான். தனக்குக் கிடைத்த நன்மையில் அடுத்தவருக்கும் பங்குண்டு என்று மெய்யாகவே நம்புகிறவர் மறுபடி கதவைத் தட்டுவார். இந்த முறையில் நான் மதிப்பது அந்த விடாப்பிடியான அக்கறையை.

ஆனால் கதையில் வரும் மூவரும் முன்பே அழைப்புப் பெற்றவர்கள். பந்தி ஆயத்தமான பிறகு கைவிரித்தவர்கள். நேற்றுவரை இயேசுவின் பெயரைக் காதில் வாங்காத ஒருவரின் தயக்கத்தை அவர்களுடைய மறுப்போடு எப்படிச் சேர்ப்பது?

அதே கதையில், வீட்டு எஜமான் ஊழியக்காரனை மறுபடி வெளியே அனுப்பும்போது, வெளியே நிற்பவர்களை உள்ளே வரும்படி 'கட்டாயப்படுத்து' என்ற பொருளில் ஒரு கிரேக்கச் சொல் வருகிறது. வட ஆப்பிரிக்காவில், பிரிந்துபோன தொனாத்தியரை அரசுச் சட்டத்தால் நெருக்கித் திருச்சபைக்குள் சேர்ப்பதை ஆயர் அகுஸ்தீன் இந்த வசனத்தைக் காட்டியே நியாயப்படுத்தினார். சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'வருந்தி' என்று போட்டிருக்கிறது. வருத்தம் அழைப்பவனுக்கு! இதைவிட நல்ல சொல் அமைந்திருக்க முடியாது என்பேன்.

வருந்துகிறவன் எதிராளி பேசுவதைக் கேட்பான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க், கிறிஸ்தவத்தைப் பற்றித் தமிழர்கள் எழுதிய பதில்களைத் திரட்டினார். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் சுட்டி அவற்றில் எழுப்பிய குறை சாக்கு இல்லை, சாட்சியம். எந்த மனப்பாட வசனமும் அதற்குப் பதிலாகாது.

இன்று ஒரு தலித் இளைஞர் "யோசிக்கணும் ஐயா" என்றால் அதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரானால் அவர் பட்டியல் சாதித் தகுதியை இழப்பார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார். அவரை அழைக்கும் ஊழியருக்கு அந்த இழப்பில் பங்கில்லை. விலையை மறைத்து அழைப்பதை நான் குற்றமாகவே கருதுகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'வருந்தி' என்ற கட்டளை பெருவழியிலும் வேலியோரத்திலும் நின்றவர்களுக்காகச் சொன்னது. பெரிய வீட்டு விருந்து தங்களுக்கும்தான் என்று நம்பவே அவர்களுக்குத் துணிச்சல் வந்திருக்காது. போக்குச் சொன்ன மூவரின் வாசலுக்கு அந்த ஊழியக்காரன் மறுபடி போனதாக லூக்கா எழுதவில்லை.