தூய சக்தி பற்றிய பல்கலைக்கழகப் பொது நிகழ்வுகள்: உருவம் குறித்துச் சில சிந்தனைகள்

உருவம், உள்ளடக்கம் என்பன பற்றிய விவாதம் இலக்கியத் திறனாய்விலே நன்கு பழகிப்போன ஒன்று. கவிதைக்கும் நாவலுக்கும் உரியதெனக் கருதப்படும் அவ்விவாதம் பொது விரிவுரைக்கும் கருத்தரங்குக்கும் பொருந்தும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தூய சக்தி, நிலைபேறு ஆகியன பற்றிப் பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்கென நடத்தும் நிகழ்வுகள் இன்று பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஆய்வாளர் உரையாற்றுவார், திரையிலே வரைபடங்கள் தோன்றும், முடிவிலே கேள்விகளுக்குச் சில நிமிடம், பின்னர் தேநீர். இவ்வுருவம் இயல்பாகவே அமைந்தது போலத் தோன்றும். ஆயின் இதற்கு மாறானதோர் உருவம் இதற்கு முன்னரே தோன்றியிருந்தது.

1965 மார்ச் 24ஆம் திகதி இரவு ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் யுத்தம் பற்றி விடியும்வரை விவாதம் நிகழ்ந்தது. ஆசிரியர் சிலர் முதலில் எண்ணியது ஒருநாள் வகுப்புப் பகிஷ்கரிப்பு. அரசியல்வாதிகளின் எதிர்ப்பு வலுக்கவே, வகுப்புகளை நடத்திவிட்டு இரவிலே கூடுவதென முடிவாயிற்று. ‘ரீச்-இன்’ என்று பெயர் பெற்ற அக்கூட்டத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் பங்குபற்றினர். பகிஷ்கரிப்பைக் கைவிட்டதனாற் பிறந்த இவ்வடிவம் பகிஷ்கரிப்பைவிட நீண்டகாலம் வாழ்ந்தது என்பது சுவையான முரண். கேட்போர் என்றும் பேசுவோர் என்றும் இருந்த பிரிவு அவ்விரவிலே தளர்ந்தது. பேச்சு முடிந்தபின் வினா என்னும் ஒழுங்குக்குப் பதிலாக, வினாவே கூட்டத்தின் உடலாயிற்று.

அதே வளாகத்தில் 1970 மார்ச்சில் மாணவர்கள் சுற்றுச்சூழல் பற்றிய ரீச்-இன் ஒன்றை நடத்தினர். முதலாவது புவி தினத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் முந்தியது அது. பங்குபற்றியோர் தொகை ஐம்பதாயிரம்வரை இருக்கலாமென மதிப்பிடப்பட்டது. பழைய கார் ஒன்றைக் கூண்டிலேற்றி, விசாரணை நடத்தி, சம்மட்டியால் அடித்து நொறுக்கியமை அதன் மிகப் பிரபலமான காட்சி. அஃது ஒரு கூத்து. சற்று மலினமான கூத்து என்றும் கூறலாம். எனினும் குற்றவாளி யார் என்னும் கேள்வியை அது மேடைக்குக் கொணர்ந்தது. அங்கு உரையாற்றியோருள் ஒருவரான உயிரியலாளர் பரி கொமனர் 1976இல் வெளியிட்ட ‘த பொவர்ட்டி ஒவ் பவர்’ என்னும் நூலிலே, சக்தி நெருக்கடியை உற்பத்தி முறையோடும் மூலதனத்தோடும் பிணைத்து ஆராய்ந்தார். சக்தி பற்றிய ஆய்வு சமூகம் பற்றிய ஆய்வாக மாறுவதற்கு அக்காலச் சூழல் இடமளித்தது.

இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது தவறு. அதே மார்ச் மாதத்தில், அதே வளாகத்தில், கறுப்பின மாணவர் அனுமதியைப் பத்து சதவீதமாக உயர்த்தக் கோரிக் கறுப்பினச் செயல் இயக்கத்தின் வேலைநிறுத்தம் வெடித்தது. பூமியைக் காப்பாற்றத் திரண்ட கூட்டத்தில் யாருக்கு இடமிருக்கவில்லை என்பதை அவ்வேலைநிறுத்தம் காட்டிற்று. திறந்த வடிவமும் தன் வாயிலைத் தானே திறந்துவிடுவதில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் டேவிட் மக்கே. 2008இல் வெளிவந்து, இணையத்தில் இலவசமாகவும் வழங்கப்பட்ட அவரது ‘சஸ்டெயினபிள் எனேர்ஜி: விதவுட் த ஹொட் எயர்’ என்னும் நூலும் அதனையொட்டிய அவரது விரிவுரைகளும் இத்துறையிற் பொதுமக்களுக்கு வாய்த்த மிகச் சிறந்த ஆக்கங்கள் எனலாம். ‘பெரிய’, ‘மகத்தான’ ஆகிய அடைமொழிகளை நீக்கி, யாவற்றையும் ஆளுக்கு ஒரு நாளில் இத்தனை கிலோவாற்று மணி என ஒரே அலகிற்கு அவர் கொணர்ந்தார். பிரித்தானியர் ஒருவரின் நாளாந்த நுகர்வு ஏறத்தாழ 125. நாட்டின் மிகக் காற்றோட்டமான பத்திலொரு பங்கு நிலத்தைக் காற்றாலைகளால் நிரப்பினாற் கிடைப்பது 20. காரில் நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடச் செலவாவது 40. தொலைபேசி மின்னேற்றியை ஒரு நாள் முழுதும் கழற்றி வைப்பதால் மீதமாகும் சக்தி, காரை ஒரு விநாடி ஓட்டுகையிற் கரைந்துவிடும். மின்னேற்றியைக் கழற்றுமாறு அறிவுரை கூறும் சுவரொட்டிகளை இக்கணக்குக்குப் பின் நேராகப் பார்ப்பது கடினம். அறியாமையை மட்டுமன்றிப் போலிப் புண்ணியத்தையும் அவர் சாடினார்; இது சிறு சாதனையன்று. 2009 முதல் 2014 வரை பிரித்தானிய அரசின் சக்தித் திணைக்களத்துக்குப் பிரதம விஞ்ஞான ஆலோசகராக இருந்த அவர் 2016இல், ஐம்பது வயதை எட்டுமுன், காலமானார்.

ஆயினும் கணக்கின் தெளிவே அதன் எல்லையுமாகும். நூலின் பிற்பகுதியில் அவர் ஐந்து திட்டங்களை முன்வைக்கிறார். யாவும் கூட்டற் கணக்கிற் சரிவருபவை. அவற்றுள் ஒன்று, தம் நாட்டுப்புறத்திற் காற்றாலைகளையோ புதிய அணு நிலையங்களையோ விரும்பாதவர்களுக்கானது. பிறநாட்டுப் பாலைவனங்களிலிருந்து சூரிய சக்தியை இறக்குமதி செய்தல் அதன் முக்கிய அங்கம். பாலைவனத்தின் பரப்பும் கடத்தும் தூரமும் கணிக்கப்படுகின்றன. பாலைவனத்தில் வாழ்வோரின் சம்மதத்துக்கு அலகு இல்லை. மக்கே இதனை மறைத்தாரல்லர். பௌதிக வரையறைகளே தமது பொருள் என்று வெளிப்படையாகவே வகுத்துக்கொண்டார். குறை அவர்மீதன்று. அவ்வரையறைக்குள் அடங்கிய ஆய்வையே முழு விவாதமாக மேடையேற்றும் நிகழ்வு முறைமீதே குறை காணவேண்டும். சபையிலிருப்பவர் எண்ணைச் சரிபார்க்கலாம், திட்டத்தைத் தெரியலாம், யாருடைய நிலம் என்று கேட்டால் அது ‘வேறு துறை’ ஆகிவிடும்.

பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் பக்கலாவும் சொக்கலோவும் 2004இல் முன்வைத்த ‘ஆப்புகள்’ என்னும் கருத்தும் இத்தகையதே. காபன் வெளியேற்றத்தைக் குறைக்கும் பதினைந்து வழிகளை அவர்கள் பட்டியலிட்டனர். அது பின்னர் ஒரு விளையாட்டாக உருப்பெற்று வகுப்புகளிலும் கூட்டங்களிலும் ஆடப்பட்டது. ஆடுவோர் கூடித் தெரிவு செய்வதால் இதில் ரீச்-இன்னின் சாயல் உண்டு. ஆனால் தெரியவேண்டிய அட்டைகள் முன்னரே அச்சிடப்பட்டவை. அவ்வாய்வுத் திட்டத்துக்கு நிதி வழங்கியவற்றுள் பீ.பீ. எண்ணெய்க் கம்பனியும் ஒன்று. அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. எனினும் இச்செய்தி அட்டைகளோடு சேர்த்துச் சபையிலே வைக்கப்படவேண்டியது.

இலங்கை வாசகருக்கு இப்பிரச்சினை தொலைவானதன்று. மன்னார்த் தீவிலே ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி 2020இல் தொடங்கப்பட்டது. அப்பகுதியில் மேலும் பெரிய திட்டமொன்றை மேற்கொள்ளவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டிலே புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தீவின் மக்கள் வீதிக்கு வந்தனர். மழைநீர் வடிந்தோடும் வழி, கரையோர மீன்பிடி, வலசை வரும் பறவைகள் ஆகியன அவர்கள் எழுப்பிய விடயங்கள். நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வரவேண்டிய நாட்டிற்கு அக்காற்று தேவை என்பதும் உண்மை. அதனை மறுப்பது எளிய வீரம். ஆயின் மன்னார்க் காற்றைப் பற்றிய கருத்தரங்கொன்று பல்கலைக்கழகமொன்றில் நடைபெறுமாயின், பேசாலை மீனவர் கேள்வி நேரத்தில் எழுந்து நிற்கக் காத்திருக்க வேண்டியவரா, நிகழ்ச்சிநிரலிலே பெயர் பெறவேண்டியவரா என்பது மேடையில் எத்தனை நாற்காலிகள் எவ்வாறு போடப்படுகின்றன என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.