பெயர் மாற்றினால் போதுமா?

‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.’ எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகளைப் பற்றிய கதைக்கும் கட்டுரைக்கும் கீழே இந்த வரி தவறாமல் வந்துவிடுகிறது. சரி, அதற்கு மேலே என்ன இருக்கிறது? உதாரணத்துக்கு நானே ஒன்றை ஜோடிக்கிறேன். வயது பதினைந்து. குளுவாங் பக்கம் ஒரு தோட்டம். அம்மா அப்பா இல்லை, பாட்டி வளர்க்கிறார். சித்தப்பா தினமும் மோட்டாரில் சிங்கப்பூர் போய்வருகிறார். அவள் படித்த தமிழ்ப்பள்ளியில் மொத்தமே நாற்பது பேர். இதுக்கு மேல பேர் எதுக்கு? பக்கத்து மளிகைக்கடையில் கேட்டால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

ஜொகூரில் இப்படிப் பதின்வயதுப் பிள்ளைகள் கூடும் ஓர் ஆதரவுக் குழுவுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை போய்வருகிறேன். பெரிய சேவையெல்லாம் இல்லை. கணக்குச் சொல்லிக்கொடுப்பேன், நாற்காலி எடுத்துப்போடுவேன். அங்கே கேட்டது எதையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் பேச வந்தது, இந்த மாதிரி இடங்களுக்கு வந்துபோகும் நம் இலக்கிய ஆசாமிகள் எழுதும் கதைகளைப் பற்றி.

அந்தக் கதைகளுக்கு ஓர் அச்சு உண்டு. தன்னார்வலர் பயந்துகொண்டே வருவார். ஒரு சிறுமி தண்ணீர் நீட்டுவாள். வாங்கிக் குடிக்கலாமா என்று அரைப்பக்கம் தத்தளிப்பார். பிறகு குடித்துவிடுவார், கண் கலங்கும், கதை முடிந்துவிடும். குவளையால் எச்.ஐ.வி. பரவாது என்பது எப்போதோ தெரிந்துவிட்ட விஷயம். அதைத் தானும் தெரிந்துகொண்டதைத்தான் கதைசொல்லி சாதனையாகக் காட்டுகிறார். அந்தச் சிறுமி யார்? தண்ணீர் கொடுத்தவள். அவ்வளவுதான்.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் 2007ல் வந்த இரண்டு படங்கள் நினைவுக்கு வருகின்றன. சாமி இயக்கிய ‘மிருகம்’ படத்தில் ஊரை மிரட்டிய முரடன் எய்ட்ஸில் உருக்குலைந்து சாகிறான். அவனிடம் வதைபட்ட மனைவியே அவனைப் பார்த்துக்கொள்கிறாள். நோய் அங்கே தீர்ப்பு. அதே ஆண்டு மீரா நாயரின் முயற்சியில் உருவான ‘எய்ட்ஸ் ஜாகோ’ குறும்படங்களில் ஒன்று சந்தோஷ் சிவனின் ‘பிராரம்பா’. கன்னடப் படம், பிரபுதேவா லாரி ஓட்டுநர். எச்.ஐ.வி. இருப்பதால் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட ஒரு சிறுவன் அம்மாவைத் தேடி அந்த லாரியில் ஏறிக்கொள்கிறான். ‘மிருக’த்தைவிட ஆயிரம் மடங்கு கருணையுள்ள படம். ஆனாலும் நாம் பின்தொடர்வது ஓட்டுநரின் மனதைத்தான். நம் தண்ணீர்க் குவளைக் கதைகள் இந்த லாரியில் ஏறி வந்தவை என்பேன்.

உண்மையில் மருந்து வந்து பழைய கதையைக் கெடுத்துவிட்டது. தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அது அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம்கூட அது பரவாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்காக 2018ல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு இதுதான். அதற்கு முன்பே தொற்றோடு பிறந்தவர்கள் இப்போது எஸ்.பி.எம். எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சாகாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நம் கதைகளுக்குத் தெரியவில்லை.

நாடகம் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு அதன் நோயை யார், எப்போது சொல்வது? பல வீடுகளில் அந்த மாத்திரைக்கு ‘சத்து மாத்திரை’ என்று பெயர். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களின் நிலையைச் சொல்லிவிட வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்கு ஏற்ப படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டி. காகிதத்தில் சுலபம். ஆரம்ப காலத்தில் மலேசியாவில் இந்தத் தொற்று பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்ந்தவர்களிடையே பரவியது. அப்படிப்பட்ட வீட்டில் பேத்தியிடம் நோயைப் பற்றிப் பேசுவதென்றால், செத்துப்போன தன் மகனைப் பாட்டி அவளுக்கு மறுபடி அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ‘உங்கப்பா நல்லவர்’ என்று பத்து வருடம் சொன்ன அதே வாயால். இதில் ஒரு நாவலே இருக்கிறது. இங்கே வில்லனும் தேவையில்லை, தன்னார்வலரும் தேவையில்லை.

இனி பெயருக்கு வருகிறேன். 2019 ஜனவரியில் சிங்கப்பூரின் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது தெரியவந்தது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர். ஜொகூர்ப் பிள்ளைக்கு வேலைக் கனவு என்றால் பாதி நேரம் அது பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்; அங்கே வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. சோதனையும் உண்டு. இப்படி ஏற்கெனவே கதவு குறுகிய ஒரு பிள்ளையைத்தான் நாம் ‘நுண்தகவல்’ என்ற பெயரில் ஊர் அடையாளம் காண வைக்கிறோம். பட்டறைகளில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது: துல்லியமாக எழுது, தோட்டத்தின் பெயரைச் சொல், பாட்டியின் சேலை நிறத்தைச் சொல்.

துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளிடமிருந்து எடுத்து வேறெங்காவது வைக்கலாம். இரவு ஒன்பது மணி. விடுதி அறையில் எட்டுப் பேர். மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் போடாமலிருக்க உள்ளே பஞ்சு. எஃபாவிரென்ஸ் என்ற மருந்து சிலருக்குத் தலைசுற்றலையும் அச்சு அசலான கனவுகளையும் கொடுக்கும். மறுநாள் காலை கணக்குத் தேர்வு. இதில் எந்த ஊர், யார் மகள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பஞ்சை வாசகர் மறக்கமாட்டார்.

“ஒளிக்க ஒளிக்கத்தானே களங்கம் வளரும்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2000 ஜூலையில் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டு மேடையில் பதினோரு வயது நிகோசி ஜான்சன் பேசினான், தன் பெயரைத் தானே சொல்லி. அவனுக்காக வேறு யாரோ கதை எழுதிச் சொன்னதல்ல அது.

டிசம்பர் 1 நெருங்கினால் இதழ்கள் உலக எய்ட்ஸ் நாளுக்குக் கதை கேட்கும். எழுதுகிறவர்கள் அனுப்புவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒருமுறை வாசித்துக் காட்டலாம். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழைவிட மலாய் சரளம். நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். ‘வேணாம்க்கா, இத போடாதீங்க’ என்று அவள் சொல்லிவிட்டால், இதழாசிரியருக்கு வேறு கதை அனுப்ப வேண்டியதுதான்.