கண்ணோட்டம் குன்றியதா? – ஒரு பொதுப் புலம்பலின் மீதான விமர்சனம்

இக்கால மனிதன் பிறர் துயரை உணரும் தன்மையை இழந்து வருகிறான் என்னும் கூற்று, நம்மிடையே ஐயத்திற்கு அப்பாற்பட்ட உண்மையாகவே நிலைபெற்றுவிட்டது. ஜும்ஆ மேடை, நாளிதழ்த் தலையங்கம், பட்டிமன்றம், தேநீர்க்கடைப் பேச்சு ஆகிய அனைத்தும் ஒன்றுபடும் மிகச் சில கருத்துகளுள் இதுவும் ஒன்று. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து என்பதாலேயே இதனை உரசிப் பார்க்கும் தேவை எழுகிறது. நமக்குத் தென்படும் முதற்குறை, இக்கூற்று எவரையும் பொறுப்பாக்குவதில்லை என்பதே. 'காலம் கெட்டுவிட்டது' என்று சொல்லி முடித்ததும், சொன்னவரும் கேட்டவரும் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகின்றனர்.

அளந்து பார்த்தோர் என்ன கண்டனர்? சாரா கான்ராத் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தோரும், 1979 முதல் 2009 வரை அந்நாட்டுக் கல்லூரி மாணவர் ஏறத்தாழ 14,000 பேர் அளித்த விடைகளை ஒருசேர ஆராய்ந்தனர். பிறர் துயர் உணர்தல் குறைந்து வருகிறது என்றும், 2000-க்குப் பின் வீழ்ச்சி மிகுந்தது என்றும் அறிவித்தனர். இம்முடிவு உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. பின்னர் 2018 வரையிலான தரவுகளைச் சேர்த்து அவரே மறுபடி ஆராய்ந்தபோது, 2008-ஐ ஒட்டி அவ்வுணர்வு மீண்டும் ஏறத் தொடங்கியிருப்பதைக் கண்டார். முதல் முடிவை எடுத்துக்காட்டுவோர் பலர். இரண்டாவதை அறிந்தோர் சிலர். மேலும் இவ்விரண்டும் மாணவர் தம்மைப் பற்றித் தாமே வினாத்தாளில் குறித்தவற்றின் மீது எழுந்தவை. தம்மை இரக்கமுள்ளவரென ஒருவர் கருதுவதும், இடர் வந்த நாளில் அவர் செய்வதும் ஒன்றாகிவிடா. ஆகவே வினாத்தாளை விட்டு, நாம் வாழும் பகுதியில் நடந்தவற்றின் மீது பார்வையைத் திருப்புவோம். அதற்கு முன் சொற்களைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

சொற்கள் சொல்வது

ஆங்கிலேயர் இன்று 'எம்பதி' என்று வழங்கும் சொல்லுக்கு வயது நூற்றுக்குச் சற்றே கூடுதல். ஜெர்மானியக் கலையியலார் பயன்படுத்திய ஒரு சொல்லை 1909-இல் டிட்ச்னர் என்னும் உளவியலார் ஆங்கிலத்திற்குக் கொணர்ந்தார். ஓர் ஓவியத்தையோ சிற்பத்தையோ காண்பவர் அதனுள் தம்மைச் செலுத்தி உணர்தல் என்பதே அதன் தொடக்கப் பொருள். இன்னொருவருக்காக ஏதேனும் செய்தல் என்பது அச்சொல்லுக்குள் முதலில் இல்லை.

தமிழில் இதற்கு நிகரான பழஞ்சொல் கண்ணோட்டம். ஒருவர் மீது கண் சென்றதும் அவர் வேண்டுவதை மறுக்க இயலாமற் போகும் இயல்பு அது. திருக்குறளின் 58-ஆம் அதிகாரம் இதன் பெயரால் அமைந்தது. அன்புடைமையை இல்லறவியலில் வைத்த வள்ளுவர், அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ பொருட்பாலில், அரசியலில் வைத்தார். பிறர் துயர் உணர்தல் தனிமனித நெஞ்சின் மென்மையோடு முடிவதன்று, ஆட்சியும் அதிகாரமும் உடையோரின் கடமையுமாகும் என்பது இவ்வைப்பு முறையாலேயே பெறப்படுகிறது. இன்றைய வழக்கில் 'கண்ணோட்டம்' என்றால் பார்க்கும் கோணம் என்று மட்டுமே பொருள்.

அரபியிலும் இத்தகைய ஒரு சுருக்கம் நிகழ்ந்துள்ளது. 'முவாஸாத்' என்பது தம்மிடம் உள்ளதில் பிறரைச் சமபங்காளியாக்குதல் எனப் பழைய நூல்களில் விரியும். இன்றைய அரபுப் பத்திரிகைகளில் பெரும்பாலும் அது ஆறுதல் கூறுதல், இரங்கல் தெரிவித்தல் என்ற அளவில் நிற்கிறது. சொற்கள் சுருங்கியதைக் கொண்டு மனிதர் சுருங்கிவிட்டனர் எனத் தீர்ப்பளிப்பது பிழை. ஆயினும் செயலைக் குறித்த சொற்கள் உணர்வையோ பார்வையையோ மட்டும் குறிக்கலாயின என்பது கருதத்தக்கது.

இன்னொரு சொல் நம் விவாதத்திற்கு இன்றியமையாதது. அது 'ஷஃபகத்'. பரிவு என்று நாம் எளிதாகப் பெயர்த்துவிடும் இதன் வேரில் அச்சம் கலந்திருக்கிறது. இதே வேரினின்று வரும் 'இஷ்ஃபாக்' என்பதற்கு, அச்சம் கலந்த அக்கறை என இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ (ரஹ்) தமது 'முஃப்ரதாத்'தில் விளக்கம் தருகிறார். பிறருக்கு என்ன நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுவது ஷஃபகத். பிறரால் நமக்கு என்ன நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுவது வேறு. இவ்விரு அச்சங்களும் ஒரே ஊரில், ஒரே மக்களிடம் வெளிப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம்.

வெள்ளமும் தொற்றும்

2015 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாயிற்று. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. கொரட்டூர் ஏரியை ஒட்டிய தெருக்கள் உட்பட மேற்குப் புறநகரின் தாழ்வான பகுதிகள் நீரில் நின்றன. அந்நாட்களில் சென்னை நடந்துகொண்ட விதத்தை உலகமே வியந்தது. பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் எல்லோருக்கும் திறந்தன. மீனவர் தம் படகுகளை நகரத் தெருக்களுக்குக் கொணர்ந்தனர். முஸ்லிம் இளைஞர் சேறு படிந்த கோயில்களைக் கழுவிக் கொடுத்தனர். முன்பின் அறியாதவருக்குச் சோறு சமைத்தவரிடம், மனித நெஞ்சம் வறண்டுவிட்டது என்று அன்று எவரேனும் கூறியிருந்தால் நகைப்பே விடையாகியிருக்கும்.

ஐந்தாண்டுகள் கூட நிறையவில்லை. 2020 ஏப்ரல் 13 அன்று, நெல்லூரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் கொரோனாவால் சென்னை மருத்துவமனையில் உயிரிழந்தார். அவரது உடல் அம்பத்தூர் மயானத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது அப்பகுதியினரின் எதிர்ப்பால் திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர் வேறோர் இடத்தில் எரியூட்டப்பட்டது. கொரட்டூரிலிருந்து புறநகர் ரயிலில் இரண்டாவது நிலையம் அம்பத்தூர். அடுத்த வாரமே, ஏப்ரல் 19 அன்று, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் இதே நோயால் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழவே, உடல் அண்ணாநகரை அடுத்த வேலங்காடு இடுகாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்குக் கூடிய கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியதில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயமுற்றனர். இறுதியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், நள்ளிரவில் மிகச் சிலர் துணையுடன், தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்.

ஐந்தாண்டுகளுக்குள் ஒரு நகரத்தின் நெஞ்சம் வற்றிவிடுவதில்லை. வெள்ளத்தில் உணவுப் பொட்டலம் சுமந்தவர்களுள் சிலரே ஏப்ரலில் மயான வாயிலை அடைத்து நின்றிருக்கவும் கூடும். ஆகவே 'இக்கால மனிதன்' என்னும் விளக்கம் இங்கே பயன் தராது. வெள்ளத்தில் ஆபத்து நீராக வந்தது. இடர்ப்பட்டவர் நம்மைப் போன்றவராகத் தெரிந்தார். தொற்றிலோ இடர்ப்பட்டவரே ஆபத்தாகத் தெரிந்தார். இறந்தோர் உடலிலிருந்து தொற்று பரவியதற்குச் சான்றில்லை என உலக சுகாதார அமைப்பு அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்த வழிகாட்டுதல், அச்சத்தின் வேகத்தில் அந்த வாயில்களை எட்டவில்லை. உணர்வு அச்சத்தின் முன் நிற்பதில்லை என்பதையே நாம் இதிலிருந்து பெறுகிறோம். எனில், அச்சத்தின் முன் நிற்பது எது?

கடமையாக்கப்பட்ட பரிவு

இவ்வினாவை நம் முன்னோர் அறியாதவரல்லர். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்னும் நபிமொழி யாவரும் அறிந்தது. நுழையாமைக்குக் காரணம் வெளிப்படை. வெளியேறாமைக்குக் காரணம் கூற வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), தமது 'இஹ்யா'வின் தவக்குல் பற்றிய பகுதியில், நலமுள்ளோர் எல்லாம் புறப்பட்டுவிட்டால் நோயுற்றோருக்கு நீர் தரவும் உணவூட்டவும் எவரும் எஞ்சமாட்டார் என்று விளக்குகிறார். தனிமைப்படுத்தலும் பரிவும் ஒரே கட்டளையின் இரு பக்கங்களாக இங்கு அமைகின்றன. மூன்று பெண்மக்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த ஹாஃபிள் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (ரஹ்), அந்நோய் குறித்தே 'பத்லுல் மாஊன்' என்னும் தனிநூலை இயற்றினார். துயரம் அவரிடத்தில் புலம்பலாக நில்லாமல் கல்வியாக உருக்கொண்டது.

இறந்தோரைக் குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், தொழுதல், அடக்குதல் ஆகியவற்றை ஷரீஅத் பர்ளு கிஃபாயா ஆக்கியது. சிலர் நிறைவேற்றினால் பிறர் பொறுப்பு நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் ஊரே குற்றவாளியாகும். யாருக்கு இரக்கம் சுரக்கிறதோ அவர் செய்யட்டும் என்று அது விடப்படவில்லை.

புகாரியில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி இங்குக் கருதத்தக்கது. காதிஸிய்யாவில் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரழி), கைஸ் இப்னு ஸஅத் (ரழி) ஆகியோர் அமர்ந்திருக்க, அம்மண்ணைச் சார்ந்த முஸ்லிமல்லாத ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றனர். காரணம் வினவப்பட்டபோது, ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக நபிகளார் (ஸல்) எழுந்து நின்றதையும், அதுவும் ஓர் உயிரல்லவா என்னும் பொருள்பட அவர்கள் வினவியதையும் எடுத்துரைத்தனர். எழுந்து நிற்றலின் சட்டநிலை குறித்து ஃபிக்ஹ் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் கவனிக்க வேண்டியது, மதீனாவில் கண்ட ஒரு செயல் இராக்கின் மண்ணில், முகமறியாத ஒருவருக்காக, பழக்கமாக வெளிப்பட்டது என்பதே.

2020, 2021-இல் தமிழகத்தில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் முதலான அமைப்புகளின் தொண்டர்கள், உறவினரும் நெருங்க இயலாத உடல்களைச் சமய வேறுபாடின்றிப் பெற்று, அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்தனர். தப்லீக் கூட்டத்தைக் காரணம் காட்டி ஒரு சமுதாயமே தொற்றின் உருவமாகத் தூற்றப்பட்ட காலம் அது என்பதை மறந்துவிட இயலாது. அவர்கள் பிறரைவிட இளகிய நெஞ்சினர் என்பது நம் வாதமன்று. மையித்தைத் தொட்டுக் குளிப்பாட்டி அடக்குவது அவர்களுக்கு முன்பே பழகிய கடமையாக இருந்தது; வாகனம், குழு, பொறுப்பாளர் என்னும் ஒழுங்கும் இருந்தது.

ஒழுங்கு தவறிய இடத்தில் நம்மவரும் தவறினர். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் மும்பை மால்வணியில், ஒரு முஸ்லிமின் உடலை ஏற்க முஸ்லிம் அடக்கத்தலத்தின் பொறுப்பாளர்களே மறுத்தனர். இறுதியில் அவ்வுடல் இந்து மயானத்தில் எரியூட்டப்பட்டது. அச்சத்திற்குச் சமயம் இல்லை. கடமையை அறிந்திருப்பது மட்டும் போதாது, அச்ச நாளுக்கு முன்பே அது பழகியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

அரசின் கண்ணோட்டம்

வள்ளுவர் கண்ணோட்டத்தை அரசியலில் வைத்ததன் நுட்பம் இலங்கையில் விளங்கிற்று. உலக சுகாதார அமைப்பு அடக்கத்திற்கு இடமளித்திருந்தும், கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரியூட்டியே தீரவேண்டும் என அந்நாட்டு அரசு 2020-இல் விதித்தது. பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையின் உடலும் அவ்வாறே எரிக்கப்பட்டது. அப்போது கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் பல சமயத்தவரும் வந்து வெள்ளைத் துணிகளைக் கட்டிச் சென்றனர். மக்களிடம் உணர்வு இருந்தது. ஆணையிடும் இடத்தில் கண்ணோட்டம் இல்லை. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது; அரசு முறையாக மன்னிப்புக் கோர 2024 ஜூலை ஆயிற்று.

தமிழகத்தில் இதற்கு மறுதலையானது நிகழ்ந்தது. மக்களுள் ஒரு பகுதியினர் தவறியபோது சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கண்ணியமான அடக்கமும் வாழும் உரிமையுள் அடங்கும் எனக் கருதியது. தொற்றால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழக அரசு அம்மாத இறுதியிலேயே பிறப்பித்தது. சட்டம் ஒருவருக்கும் இரக்கத்தை ஊட்டாது என்பது உண்மையே. எனினும் இரக்கம் தோற்ற இடத்தில் இறந்தவரின் உரிமையைக் காக்க அது வல்லது.

ஆகவே, மனிதர் பரிவை இழந்து வருகின்றனரா என்னும் வினாவுக்கு நம் விடை இது: உணர்வு குறைந்தது என்பதற்கு உறுதியான சான்றில்லை, அவ்வுணர்வு அச்சத்தைத் தாங்கும் என நம்பியிருந்தது நம் பிழை. நம் அரபிக் கல்லூரிகளில் கிதாபுல் ஜனாயிஸ் ஆண்டுதோறும் ஓதப்படுகிறது. தக்பீர்களின் எண்ணிக்கை, கஃபன் துணிகளின் அளவு ஆகியவற்றில் மாணவர் குறைவின்றித் தேறுகின்றனர். தொற்றால் இறந்தவரைப் பாதுகாப்புடன் கையாளும் முறை, குளிப்பாட்ட இயலாத நிலையில் தயம்மும் குறித்த சட்டம், பிற சமய அண்டை வீட்டாரின் இறப்பில் நம் பொறுப்பு ஆகியவை அப்பாடத்தோடு சேர்த்துச் செய்முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் இதற்கெனப் பயிற்சி பெற்ற சிலரின் பெயர்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கொரட்டூரிலோ அம்பத்தூரிலோ ஆவடியிலோ அடுத்த தொற்று எந்நாளில் வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அன்று ஓர் ஆம்புலன்ஸ் மயான வாயிலில் நிற்கும்போது, அழைத்தால் வரக்கூடியவர் யார் என்பது அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.