பிஸ்ஸாரோவின் காய்கறித் தோட்டம்

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த ஓவியம் எனக்கு அலுப்பதே இல்லை. கமீல் பிஸ்ஸாரோ 1877 வசந்தத்தில் பொந்த்வாஸ் ஊரில் தீட்டிய காய்கறித் தோட்டம். முன்னால் பச்சைப் பாத்திகள், நடுவில் வெள்ளை வெளேரென்று பூத்த பழமரங்கள், பின்னால் வீட்டுக் கூரைகளும் மேடேறும் சரிவும். காட்சி அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூக்களைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பூ என்று சொல்ல அங்கே ஒன்றுகூட இல்லை! தூரிகை தொட்டுத் தொட்டு வைத்த சாயம், தோசைக்கல் ஓரத்தில் காய்ந்த மாவுபோலத் தடித்துச் சொரசொரவென்று நிற்கிறது. விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். இரண்டடி பின்னால் வந்தால், கிளை கொள்ளாத பூ.

மரங்களைப் போலவே பாத்திகளையும் மதித்திருக்கிறார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாத்திக்கு ஒரு பச்சை போதும் என்று பூசிவிட்டுப் போகவில்லை. குட்டையான தீற்றல்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு பச்சை. இடையிடையே ஈரம் காயாத மண்ணின் பழுப்பு எட்டிப் பார்க்கிறது. வீடுகளையும் அவர் நேராகக் காட்டிவிடுவதில்லை. பூத்த கிளைகள் குறுக்கே வந்து பாதியை மறைக்கின்றன. கண் அவற்றை விலக்கி விலக்கித்தான் சுவரையும் கூரையையும் பிடிக்க வேண்டும். அதே தோட்டத்தை ஓவியர் செசானும் அந்த ஆண்டு வரைந்தார்; அதுவும் நல்ல படம்தான். இருந்தாலும் பூவின் கனத்தைக் கிளையில் ஏற்றியவர் பிஸ்ஸாரோ.